போரிவலி காட்டுக்குத் தனியாகப் போகலாமா?

கேள்வி – 6 ஜூலை 2024

அலுவலக வேலையாகச் சென்னையிலிருந்து மும்பை வருகிறேன். வேலை முடிந்து ஒரு நாள் முழுசாகக் கையில் இருக்கும். போரிவலியில் இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போகலாமா என்று யோசனை. கூட வர ஆள் கிடையாது. "ஊர் நடுவில் காடாவது ஒன்றாவது, வெறும் பிக்னிக் ஸ்பாட்" என்கிறார் ஒரு நண்பர். "சிறுத்தை திரியும் இடம், தனியாகப் போகாதே" என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

7 ஜூலை, காலை

இரண்டையும் நம்புங்கள். வாசலிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டர் பிக்னிக் ஸ்பாட்தான். படகுக் குளம், பாய் விரித்து டப்பா திறக்கும் குடும்பங்கள், அந்தாக்ஷரி, ஒரு காந்தி நினைவு மண்டபம். வனராணி என்ற குழந்தைகள் ரயிலும் உண்டு, ஆனால் 2024-இல் இதை எழுதும்போது ஓடவில்லை. 2021 மே மாதம் டவ்தே புயலில் பாதை சேதமானதிலிருந்து அப்படியே கிடந்தது. அதையெல்லாம் தாண்டினால் சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு. உங்கள் முதல் நண்பர் படகுக் குளத்தோடு திரும்பியிருப்பார். இரண்டாமவர் வாட்ஸாப்பில் சிசிடிவி வீடியோ பார்த்திருப்பார்.

நான் காந்திவலி கிழக்கில் இருக்கிறேன். இந்தக் காடு எங்களுக்குப் பக்கத்து வீடு. பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். கூட வருகிறேன் என்பவர்கள் முந்தின நாள் இரவு பத்து மணிக்கு "நாளைக்கு முடியாதுடி" என்று செய்தி அனுப்புவார்கள்.

போகும் வழி: வெஸ்டர்ன் லைனில் போரிவலி இறங்கி கிழக்குப் பக்கம் வாருங்கள். நெடுஞ்சாலையைத் தாண்டினால் வாசல். 2022-இல் திறந்த மெட்ரோவில் வந்தால் 'ராஷ்ட்ரீய உத்யான்' (தேசியப் பூங்கா) என்றே ஒரு நிலையம் இருக்கிறது, கூட்டத்தில் நசுங்க வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் குறித்து வையுங்கள். உள்ளே பாறையில் குடைந்த பழைய பௌத்தக் குகைகளான கான்ஹேரிக்கு ஆறேழு கிலோமீட்டர் தார்ச்சாலை. பஸ்ஸில் போகலாம், வாடகை சைக்கிளில் போகலாம், நடக்கவும் செய்யலாம். குகைக்குத் தனிச் சீட்டு. அது தொல்லியல் துறையுடையது, வாசலில் வாங்கிய சீட்டைக் காட்டி வாதாட வேண்டாம்.

7 ஜூலை, இரவு

இன்னொன்று. குடை வேண்டாம், மழைக்கோட்டு. காற்று குடையைத் திருப்பிவிடும், குரங்கு பிடுங்கிவிடும். ரப்பர் செருப்போடு வராதீர்கள், குகைப் படிகளில் பாசி.

9 ஜூலை

நேற்று மும்பை என்ன ஆனது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஞாயிறு நள்ளிரவிலிருந்து திங்கள் காலைக்குள் சில இடங்களில் 300 மில்லிமீட்டர் மழை. தண்டவாளமெல்லாம் தண்ணீர், ரயில் நின்றது, பள்ளிகளுக்கு லீவு. வீட்டில் உட்கார்ந்த நேரத்தில் சிறுத்தைக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் எழுதலாம் என்று தோன்றியது.

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. தானியங்கிக் கேமரா வைத்து, உடம்புப் புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எண்ணுகிறார்கள். 2015-இல் 35, 2018-இல் 47. ஆரே காலனி போன்ற அக்கம்பக்கத்தையும் சேர்த்த கணக்கு இது. இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை சிறுத்தைகள் உலகத்தில் வேறு எங்கும் அபூர்வம். காட்டில் புள்ளிமானும் கடமானும் உண்டு என்றாலும், இந்த எண்ணிக்கைக்கு இன்னொரு காரணம் தெருநாய். காட்டின் ஓரமெல்லாம் குடியிருப்பு, குடியிருப்பு என்றால் குப்பை, குப்பை என்றால் நாய். இரவானால் சிறுத்தை வேலி தாண்டி வந்து நாயைத் தூக்கிப் போகும். 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை ஒரு படி மேலே போய், சிறுத்தைகள் இத்தனை நாய்களைத் தின்பதால் நகரத்து மனிதர்களுக்கு நாய்க்கடியும் வெறிநாய் நோயும் குறைகிறது என்று கணக்குப் போட்டது. எங்கள் சொசைட்டி செயலாளரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் பராமரிப்புக் கட்டணத்தில் சிறுத்தைக்கும் ஒரு பங்கு வைக்கலாமா?" என்றார்.

சிரிப்பதற்கில்லாத காலமும் இருந்தது. 2002-லிருந்து 2004 வரை இங்கே தாக்குதல்கள் அடுத்தடுத்து நடந்தன. 2004 ஜூன் மாதம் மிக மோசம். செத்தவர்களில் குழந்தைகள் பலர். அப்போது சிறுத்தையைப் பார்த்தாலே கூண்டு வைத்துப் பிடித்து வேறிடத்தில் விடுவது வழக்கம். வேறு ஊர்களில் பிடித்தவற்றை இந்தக் காட்டிலும் விட்டார்கள். புனே பக்கம் ஜுன்னரில் ஆய்வு செய்த வித்யா ஆத்ரேயா, இப்படி இடம் மாற்றுவதே மோதலைக் கூட்டுகிறது என்று காட்டினார். இடம் தெரியாத காட்டில் விடப்பட்ட மிருகம் சும்மா இருக்காது, பழைய இடத்துக்குத் திரும்பவும் பார்க்கும். 2011-க்குப் பிறகு வனத்துறையும் ஆய்வாளர்களும் நகரத்து ஆட்களும் சேர்ந்து வேறு மாதிரி யோசித்தார்கள். பிடிப்பதைக் குறைத்துவிட்டு, குப்பையை அள்ளு, விளக்குப் போடு, இருட்டில் பிள்ளைகளைத் தனியே வெளியே விடாதே, சிறுத்தையைப் பார்த்தால் கும்பல் சேர்க்காதே என்று சேரி சேரியாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

உங்களுக்குத் தேவையான பகுதி: பகலில் தார்ச்சாலையில் நடக்கும் ஆள்மீது சிறுத்தைக்கு அக்கறை இல்லை. மாலை சாய்வதற்குள் வெளியே வந்துவிடுங்கள். காட்டு ஓரத்தில் ஒதுங்கிக் குந்தாதீர்கள். சிறுத்தை கண்ணில் படுமா என்றால், படாது. அதற்காக வருவதாக இருந்தால் வர வேண்டாம். கூண்டு பஸ்ஸில் சஃபாரி உண்டு, பிடித்து வைத்த புலியைக் காட்டுவார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

10 ஜூலை

மேலே ஒருவர் "உலகிலேயே மாநகரத்துக்குள் இருக்கும் ஒரே தேசியப் பூங்கா இதுதான்" என்று எழுதியிருக்கிறார். பூங்கா வாசலில் விற்கும் பெருமைகளில் இதுவும் ஒன்று. நைரோபி தேசியப் பூங்கா 117 சதுர கிலோமீட்டர், 1946-லிருந்து இருக்கிறது. நகர மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர், காண்டாமிருகத்துக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரியும் படத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவ்வளவு தூரம் எதற்கு, கேள்வி கேட்டவரின் சென்னையிலேயே கிண்டி இல்லையா? இரண்டே முக்கால் சதுர கிலோமீட்டர்கூட இல்லை, ஆனாலும் தேசியப் பூங்காதான். வெளிமான் மேய்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் ஐஐடி.

கிண்டியில் காட்டுக்குள் நம்மை விட மாட்டார்கள், சிறுவர் பூங்காவோடு சரி. போரிவலியின் விசேஷம் கால்நடையாக உள்ளே போக முடிவதுதான். நைரோபியில் அது நடக்காது, வண்டியை விட்டு இறங்கினால் சிங்கம்.

14 ஜூலை

நேற்று பிரதமர் வந்து தாணே–போரிவலி சுரங்கச் சாலைக்கு அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். 11.8 கிலோமீட்டர் திட்டம், காட்டுக்கு அடியில் ஓடப்போகிறது. கோரேகாவ்–முலுண்ட் இணைப்புச் சாலையின் சுரங்கமும் இதே மலைக்கு அடியில். மேலே ஒரு மரத்தையும் தொட மாட்டோம் என்கிறார்கள். வாய் திறக்கும் இடங்களில் என்ன ஆகும், நிலத்தடி நீர் எங்கே திரும்பும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் இதில் இரண்டு மனசு. இப்போது காட்டைச் சுற்றிப் போக வேண்டிய கோட்பந்தர் சாலையில் ஒரு மாலை மாட்டிக்கொண்டவர்கள் யாரும் சுரங்கம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் மாட்டியிருக்கிறேன்.

21 ஜூலை

நேற்று காலை எட்டரைக்குத் துளசி ஏரி நிரம்பி வழிந்தது. மும்பைக்காரர்களுக்கு இது வருடாந்திரச் சுபச்செய்தி. நகருக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளில் மிகச் சின்னது துளசி, பெரும்பாலும் முதலில் வழிவதும் அதுதான். விஹாரும் துளசியும் இந்தப் பூங்கா எல்லைக்குள் இருக்கின்றன. மற்ற ஐந்தும் வெகுதூரத்தில்.

இன்று ஞாயிறு, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஏரிக்கரைக்கு விட மாட்டார்கள், காவல் உண்டு. ஆனால் வழிந்த தண்ணீரைப் பார்க்கலாம். துளசியிலிருந்து வரும் ஆறு தஹிசர். வாசலுக்குக் கொஞ்ச தூரத்தில் பாறைகளுக்கு நடுவே அது ஓடுகிற இடத்தில் நின்றால், கணுக்கால் அளவுத் தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிகிறது, சின்ன நண்டு ஒன்று பக்கவாட்டில் நடந்து கல்லிடுக்கில் நுழைகிறது. இதே ஆறு பூங்காவை விட்டு வெளியே வந்து நெடுஞ்சாலையைத் தாண்டுவதற்குள் சாக்கடையாகிவிடும். மாட்டுக் கொட்டகைச் சாணம், பட்டறைக் கழிவு, பிளாஸ்டிக். நான் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாலத்தின் மேலிருந்து அதையும் பார்த்தேன். இரண்டுக்கும் இடையில் அரை மணி நேர நடைகூட இருக்காது. பூங்காவுக்கு வருபவர்கள் இரண்டு இடத்திலும் நிற்க வேண்டும் என்பேன். காட்டை மட்டும் பார்த்துவிட்டு "ஆகா, மும்பையில் இப்படி ஒரு இடமா" என்று போவது பாதிதான்.

ஏரிக் கதை இன்னும் கொஞ்சம். 1850-களில் பம்பாய் தண்ணீருக்குத் தவித்தது, கிணறும் குளமும் போதவில்லை. 1860-இல் விஹார் கட்டி முடித்து, குழாய் வழியாக நகருக்குத் தண்ணீர் கொண்டு போனார்கள். துளசி 1879. ஏரிக்கு நீர் வரும் மலைச்சரிவில் யாரும் குடியேறக் கூடாது, மரம் வெட்டக் கூடாது என்று காவல் போட்டார்கள். தேசியப் பூங்கா, வனவிலங்கு, புலி சஃபாரி எல்லாம் பிறகு வந்த கதை. முதலில் இந்தக் காடு தப்பித்தது நகரத்தின் தாகத்தால்தான் என்பது என் கட்சி. இன்று இவ்விரு ஏரிகளும் நகரத் தேவையில் சிறு பங்குதான் தருகின்றன. அந்தப் பழைய கட்டுக்காவல் மட்டும் இல்லாதிருந்தால், இந்த நிலத்தின் சதுர அடி விலைக்கு இந்நேரம் டவர் எழும்பியிருக்கும்.

22 ஜூலை

வாசல்வரை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியதாக ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, இன்று திங்கள்.

4 ஆகஸ்ட்

கான்ஹேரி பற்றிக் கேட்டிருந்தார்கள். உட்கார்ந்து எழுதுகிறேன், நீளும்.

109 குகைகள். கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி ஆயிரம் வருடத்துக்கு மேல் குடைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். அஜந்தா, எல்லோரா அளவுக்குப் பேர் இல்லை. சிற்பம் மட்டும் பார்க்க வருகிறவர்கள் முதல் மூன்று குகையோடு கிளம்பிவிடுவார்கள். மூன்றாம் எண் குகையான சைத்தியம், அதாவது வழிபாட்டுக் கூடம், பிரமாண்டம்தான். முகப்பின் இரு பக்கமும் ஏழு மீட்டர் உயரத்தில் இரண்டு புத்தர்கள் நிற்கிறார்கள். உள்ளே தூண்கள், கோடியில் ஸ்தூபம். தூண்களில் பாதிக்குத்தான் உச்சியில் வேலைப்பாடு செதுக்கியிருக்கிறார்கள், மீதி மொட்டையாக நிற்கின்றன. காசு தீர்ந்ததோ, கொடுத்தவர் செத்தாரோ.

எனக்குப் பிடித்தது மேலே ஏறினால் வரும் சின்னக் குகைகள். ஒரு முன்திண்ணை, ஓர் அறை, அறைக்குள் படுக்கக் கல் மேடை. பாறையிலேயே வெட்டிய இருக்கை. திண்ணைக்குப் பக்கத்தில் தண்ணீர்த்தொட்டி. அநேகமாக எல்லாக் குகைக்கும் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் போனால்தான் இது விளங்கும். மலை முழுக்கப் பாறையில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், விரல் அகலத்தில் சில, முழ அகலத்தில் சில. மேலே விழும் மழை கோடுகோடாக இறங்கி ஒவ்வொரு தொட்டியாக நிரம்பி, மிச்சம் அடுத்ததற்குப் போகிறது. இன்று நான் ஒரு வாய்க்காலில் காய்ந்த இலையைப் போட்டேன். அது பாறை வளைவில் இரண்டு முறை சுற்றி நின்று, பிறகு விடுபட்டு, கீழ்ப்படியில் இருந்த தொட்டிக்குள் போய் விழுந்தது. வெட்டியவர் போட்ட சரிவு இன்னும் வேலை செய்கிறது. எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் பத்து வருடம் முன்பு போட்ட மழைநீர்க் குழாய் வேலை செய்யவில்லை.

கல்வெட்டுகளில் கொடுத்தவர்கள் பெயர் வருகிறது. கல்யாண், சோபாரா போன்ற துறைமுக ஊர்களின் வணிகர்கள், பொற்கொல்லர்கள். பிக்குகள் ஊரை விட்டு ஓடி வனவாசம் போனதாக நினைத்தால் தவறு. சந்தைக்கு ஒரு நாள் நடை தூரத்தில், பணக்காரர்களிடம் நிதி வாங்கி வாழ்ந்திருக்கிறார்கள். ஊருக்குப் பக்கத்துக் காடு என்ற யோசனை இங்கே புதிதில்லை.

பதினோராம் எண் குகையையும் தவற விடாதீர்கள். நீளமான கூடம், நடுவில் கூடத்தின் நீளத்துக்கு இரண்டு தாழ்ந்த கல் பெஞ்சுகள். 41-இல் பதினோரு தலை அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவர் இருக்கிறார், தேடிப் போக வேண்டும். உச்சிக்குப் போய் மேற்கே பார்த்தால் போரிவலி டவர்கள் வரிசையாக நிற்கும். அங்கே நின்று செல்ஃபி எடுப்பவர்கள் டவர் படத்தில் வராமலிருக்கக் கோணம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு டவரோடு சேர்த்துத்தான் அழகு.

இறங்கி வந்தால் படியோரம் ஆதிவாசிப் பெண்கள் வெள்ளரிக்காய் விற்பார்கள். நாலாகப் பிளந்து, அடி விடாமல் விரித்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் உள்ளே தடவித் தருவார்கள். வாங்கியதும் குரங்குக்கு முதுகைக் காட்டாமல் சுவரோரம் நின்று தின்னுங்கள். கைப்பையைத் திறக்காதீர்கள். இன்று என் முன்னால் ஒரு பையனின் சிப்ஸ் பாக்கெட் போனது, அது அவன் கையில் இருந்ததே மூன்று நொடிதான்.

6 ஆகஸ்ட்

விட்டுப்போனது. 90-ஆம் எண் குகையில் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன, 1009, 1021-ஆம் வருடத்தவை. வந்து போன பார்சிகள் தங்கள் பெயரைப் பொறித்து வைத்தது. ஆக "இன்னார் வந்தேன்" என்று சுவரில் கிறுக்கும் பழக்கத்துக்கு இங்கே ஆயிரம் வருடப் பாரம்பரியம். இன்றைக்குச் செய்தால் தொல்லியல் துறை பிடிக்கும்.

18 ஆகஸ்ட்

"நீங்கள் பெண், தனியாகப் போகிறேன் என்கிறீர்கள், சிறுத்தை பற்றி இவ்வளவு எழுதினீர்கள், ஆட்களைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே" என்று ஒரு தோழி கேட்கிறாள். நியாயமான கேள்வி.

வாரநாள் நடுப்பகலில் குகைச் சாலையில் நீண்ட தூரத்துக்கு ஆளே இருக்காது. எனக்கு அது பிடிக்கும், ஆனால் பின்னால் பைக் சத்தம் கேட்டால் காது நிமிரும். சிறுத்தைக்கு ஒருபோதும் அப்படி நிமிர்ந்ததில்லை. பெரும்பாலும் "அகேலே?" (தனியாகவா?) என்ற கேள்வியோடு போய்விடும். சைக்கிளில் வந்த தாத்தா ஒருவர் கேட்டார், தேன் விற்ற அம்மா கேட்டார், கல்லூரிப் பெண்கள் கூட்டம் ஒன்று கேட்டுவிட்டுத் தங்களோடு வரச் சொன்னது. கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன், அவர்கள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டதும் செருப்பு வாரை மாட்டுகிற சாக்கில் பின்தங்கிவிட்டேன்.

முதல் குறிப்பில் எந்த நாளில் போவது என்று சொல்லவில்லை. வாரநாள்தான் நல்லது என்று எழுத இருந்தேன். இப்போது யோசித்தால், முதல்முறை தனியாக வருபவருக்கு ஞாயிறு காலை, வாசல் திறக்கும் நேரம். நடைப்பயிற்சிக்காரர்கள், சைக்கிள்காரர்கள், பறவை பார்ப்பவர்கள் என்று சாலையில் கண்ணுக்கெட்டும் தூரத்தில் யாராவது இருப்பார்கள். பத்து மணிக்குப் பிக்னிக் கூட்டம் உள்ளே வரும்போது நீங்கள் குகையின் உச்சியில் இருக்கலாம். இடம் பழகிய பிறகு வாரநாள். சிலோண்டா மாதிரிக் காட்டுப்பாதைகளுக்கு அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும், அங்கே தனியாளுக்கு வேலையில்லை. அது நல்லதுதான்.

25 ஆகஸ்ட்

"உள்ளே இருக்கும் குடிசைகளை எல்லாம் காலி பண்ணினால் பூங்கா உருப்படும்" என்று எழுதியவருக்கு: அதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள். 1995-இல் பாம்பே என்விரான்மென்டல் ஆக்‌ஷன் குரூப் பொதுநல வழக்குப் போட்டது, 1997-இல் உயர் நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான குடிசைகளை இடித்தார்கள். மாற்று வீடு என்று சாந்திவலியில் கட்டினார்கள், அதற்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கு. காட்டு ஓரம் வெறுமையானது உண்மை. வெளியே போனவர்களில் பலர் இந்த நகரத்துக்கு வீட்டு வேலையும் கட்டட வேலையும் செய்தவர்கள் என்பதும் உண்மை. டவர்கள் மட்டும் வேலிக்கு ஒட்டியே முளைத்துக்கொண்டிருக்கின்றன. "காட்டைப் பார்த்த பால்கனி" என்று விளம்பரம் செய்து கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

உள்ளே பாடா என்ற சின்னக் குடியிருப்புகளில் இருக்கும் வார்லி ஆதிவாசிகள் கதை வேறு. பூங்கா என்று கோடு போடுவதற்கு முன்பிருந்தே அவர்கள் இருக்கிறார்கள். வாக்கோபா என்று புலிக்கும் சிறுத்தைக்குமான தெய்வம் அவர்களுடையது. காவிச் செந்தூரம் பூசிய கல், அதில் பூனைத்தலை உருவம். சிறுத்தை வந்தால் கும்பல் கூடாதே என்று 2011-க்குப் பிறகு நாம் அட்டையில் அச்சடித்துக் கொடுத்ததை அவர்கள் வேறு வழியில் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார்கள் என்று தோன்றும். ரொம்ப அழகுபடுத்திச் சொல்லவும் பயமாக இருக்கிறது. 2004-இல் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் பாடா வீடுகளும் உண்டு.

22 செப்டம்பர்

கார்வி பூத்துவிட்டது! வேறு எதையும் எழுத மனமில்லை.

29 செப்டம்பர்

சரி, நிதானமாக எழுதுகிறேன். கார்வி நம் குறிஞ்சியின் சொந்தம், ஒரே பேரினம். குறிஞ்சி பன்னிரண்டு வருடம், இது எட்டு வருடம். 2008, 2016, இப்போது 2024. நீலகிரியிலும் மூணாறிலும் புல்வெளியில் விரிந்து பூப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். மரத்தடியில் ஆள் உயரப் புதராக நிற்கிறது, நிறம் ஊதா. இலை சொரசொரப்பு. பூவுக்குள் கைபேசி வெளிச்சம் அடித்துப் பார்த்தேன், ஒரே பூவில் மூன்று தேனீ நெருக்கிக்கொண்டிருந்தன. சரிவு முழுக்க ரீங்காரம்.

பூத்து முடிந்ததும் செடி செத்துவிடும். காய் உடனே வெடிக்காது. காய்ந்து நின்று, அடுத்த மழைக்கால முதல் ஈரத்தில்தான் பட்பட்டென்று வெடித்து விதை தெறிக்குமாம். வரும் ஜூனில் கேட்கப் போக வேண்டும். செத்த தண்டு வீணாகாது. வார்லி வீட்டுச் சுவர் பார்த்திருந்தால் தெரியும், இந்தத் தண்டுகளை வரிசையாக நட்டு மேலே மண்ணும் சாணமும் பூசியது அது. அந்தச் சுவரில்தான் வெள்ளை மாவால் படம் வரைவார்கள். அந்தப் படங்கள் இப்போது ஏர்போர்ட் கடைகளில் காபிக் கோப்பையில் கிடைக்கின்றன, சுவர் கிடைப்பதில்லை.

பூப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு ரீல் எடுத்த ஒரு கூட்டத்தோடு வாய்த்தகராறு ஆனது. என்ன பேசினேன் என்று இங்கே எழுத வேண்டாம், நெறியாளர் நீக்கிவிடுவார்.

6 அக்டோபர்

நேற்று மெட்ரோ மூன்றாவது வழித்தடம் திறந்தது, ஆரேயிலிருந்து பிகேசி என்ற பாந்த்ரா–குர்லா அலுவலகப் பகுதி வரை பாதாளத்தில். நாளையிலிருந்து நாமும் ஏறலாம். 2019 அக்டோபரில் இந்த ரயிலின் பணிமனைக்காகத்தான் ஆரேயில் ராவோடு ராவாக 2,000-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டினார்கள். ஆரே பூங்காவுக்குள் வராது, ஒட்டியிருக்கும் பால்பண்ணை நிலம். ஆனால் சிறுத்தைக்கு அந்தக் கோடு தெரியாது. அன்று வேலியோரம் நின்று கத்தியவர்களில் என் அலுவலகத் தோழி ஒருத்தியும் உண்டு. அவளிடம் "ஏறுவாயா?" என்று கேட்டேன். "ஏறுவேன், திட்டிக்கொண்டே ஏறுவேன்" என்றாள். பிகேசியில்தான் அவளுக்கு வேலை.

காட்டில் மழை ஓய்ந்துவிட்டது. தேக்கிலைகளைப் புழு தின்று நரம்பு மட்டும் விட்டு வைத்திருக்கிறது. ஒன்றைக் கையில் எடுத்து வெயிலுக்குப் பிடித்தால் கொசுவலைத் துண்டு மாதிரி இருக்கிறது. மரம் செத்துவிட்டது என்று பலர் புகைப்படம் போட்டு வருத்தப்படுகிறார்கள். வருடா வருடம் இப்படித்தான், மறுபடி துளிர்க்கும். துடுப்பு வால் கரிச்சான் இரண்டு அந்த மரங்களில் புழுவைத் துரத்திக்கொண்டிருந்தன.

20 அக்டோபர்

யேவூர் பக்கமாக உள்ளே வரலாமா என்று தாணேயிலிருந்து ஒருவர் கேட்கிறார். அதுவும் இதே பூங்காவின் கிழக்கு முகம்தான், காடு இன்னும் அடர்த்தி, பறவைக்கு நல்ல இடம். வாசலில் கேட்டு, எந்தப் பாதையில் விடுவார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். சாலையோரத்தில் ஹோட்டல், பங்களா, சனிக்கிழமை இரவு டிஜே என்று இன்னொரு உலகமும் அங்கே உண்டு. நான் அந்தப் பக்கம் அதிகம் பழகவில்லை. தீபாவளி முடிந்ததும் பறவை பார்க்கும் குழுவோடு போகிறேன், ஆறு மணிக்கு வாசலில் கூடுகிறார்களாம். இந்தமுறை தனியாக இல்லை. நேற்றிரவு பத்து மணிவரை யாரும் இன்னும் பின்வாங்கவில்லை.